பெஞ்சில் கைமாறும் மாத்திரை அட்டை

காலை நடைக்கு வரும் அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும்,

நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் நாம் பேசுகிற விஷயங்களில் முழங்காலுக்கும் சர்க்கரைக்கும் அடுத்த இடம் இப்போது மூத்திரப்பைக்கு வந்துவிட்டது. எனக்கு அதில் சந்தோஷம்தான். "வந்தா அடக்க முடியலைங்க", "பூட்டைத் திறக்குறதுக்குள்ள நனைஞ்சிடுது", "ராத்திரி நாலு தடவை எழுந்தா எங்கே தூங்குறது" என்றெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் நம் அம்மாக்களுக்கு இருந்ததில்லை. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருந்து காலத்தை ஓட்டியவர்கள் அவர்கள்.

அதற்கு அடுத்து நடப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "எனக்கு இது நல்லாக் கேக்குது, நீங்களும் போட்டுப் பாருங்க" என்று கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை வெளியே வருகிறது. இரண்டு மாத்திரை கிழித்துக் கொடுக்கப்படுகிறது. மறுநாள் காலி அட்டையைக் காட்டி, மருந்துச் சீட்டே இல்லாமல் கடையில் ஒரு முழு அட்டை வாங்கியாகிவிடுகிறது. மருந்தகக் கவுண்டருக்கு உள்பக்கம் நின்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னால் சண்டை போடுவதுபோல் ஆகிவிடும் என்பதால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

நான் சொல்ல வருவது இதுதான். சிறுநீர் அவசரத்துக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகள், சிறுநீர்ப்பைக்குச் செய்யும் நன்மையில் ஏறக்குறைய ஒரே அளவுதான். வாய், குடல், கண், ரத்த அழுத்தம், மூளை ஆகியவற்றை அவை என்ன செய்கின்றன என்பதில்தான் பெரிய வேறுபாடு. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் உங்களுக்கும் சிறுநீர்ப்பைத் தொந்தரவு ஒன்றாக இருக்கலாம். மற்ற உறுப்புகளின் நிலைமை ஒன்றாக இருக்காது. "எந்த மாத்திரை நல்லது?" என்று என்னிடம் கேட்டால், "உங்களுக்கு வேறு என்னென்ன வியாதி, என்னென்ன மாத்திரை?" என்று நான் திருப்பிக் கேட்பது அதனால்தான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு இருப்பது மிகைச் செயல் சிறுநீர்ப்பைதானா? திடீரென்று, தள்ளிப்போட முடியாதபடி சிறுநீர் முட்டுவதுதான் இதன் முதல் அடையாளம். அடிக்கடி போவதும், இரவில் எழுவதும், சில சமயம் கசிவதும் கூடவே வரும். தொற்று போன்ற வேறு காரணம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே இந்தப் பெயரைச் சொல்லலாம். நம் பெஞ்சில் அந்தப் "பார்த்த பிறகு" என்கிற படி காணாமல் போய்விடுகிறது. எரிச்சலோடு போனால் தொற்று இருக்கலாம். ஒரு சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை சொல்லிவிடும். சர்க்கரை ஏறியிருந்தால் சிறுநீர் அளவே கூடும். அதுவும் இல்லையென்றால், சர்க்கரைக்காக நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருக்கிறதா? சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவதுதான் அவற்றின் வேலை. கூடவே தண்ணீரும் போகும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து என்பதால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அது தொடங்கிய மாதமும் உங்கள் தொந்தரவு தொடங்கிய மாதமும் ஒன்றா என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பி.பி.க்கான அம்லோடிபின் சிலருக்குக் காலை வீங்க வைக்கும். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி நள்ளிரவில் சிறுநீராக இறங்கும். அதற்குச் சிறுநீர்ப்பை மாத்திரை போட்டு என்ன பயன்? சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

இனி மாத்திரைகளுக்கு வருவோம். இரண்டு குடும்பங்கள் உண்டு. பழைய குடும்பத்தின் மூத்த பிள்ளை ஆக்ஸிபியூட்டினின். அமெரிக்காவில் 1975இல் அனுமதி பெற்றது. இன்றும் சீட்டுகளில் வருகிறது, விலை குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். அதன் பின்னால் டால்டெரோடின் 1998இல் வந்தது. டிராஸ்பியம், சொலிஃபெனசின், டாரிஃபெனசின் மூன்றும் 2004இல், ஃபெசோடெரோடின் 2008இல். எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சிறுநீர்ப்பையின் சுவரில் இருக்கும் தசை சுருங்குவதற்கு நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வர வேண்டும். அது போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களை இந்த மாத்திரைகள் முன்கூட்டியே அடைத்துக்கொள்கின்றன. தசை அனாவசியமாகத் துடிப்பது குறைகிறது.

சிக்கல் என்னவென்றால், அசிட்டைல்கோலின் சிறுநீர்ப்பைக்கு மட்டும் வேலை செய்யும் ஆள் அல்ல. எச்சில் சுரப்பதும், குடல் நகர்வதும், பக்கத்தில் உள்ளதைப் பார்க்கக் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதும், வியர்ப்பதும், மூளையில் நினைவு பதிவதும் அதன் உதவியால்தான். படுக்கையறை விளக்கை அணைப்பதற்காக வீட்டு மெயினையே இறக்கினால் என்ன ஆகும்? ஃப்ரிட்ஜும் சேர்ந்து நின்றுவிடும்.

வாய் உலர்வதுதான் முதலில் தெரியும். சிறிய விஷயம்போல் தோன்றும். ஆனால் பல்செட் கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எச்சில் இல்லாமல் செட் நிற்காது, ஈறு புண்ணாகும். சொந்தப் பல் இருப்பவர்களுக்குச் சொத்தை விழும். வாய் உலர்கிறதே என்று தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிப்பார்கள். எதற்காக மாத்திரை போட்டோமோ அதையே மறுபடி கூப்பிட்ட மாதிரி. அடுத்தது மலச்சிக்கல். நம் வயதில் பலருக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் வேறு போடுகிறோம். நிறைந்த மலக்குடல் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தி அவசரத்தைக் கூட்டும். மூன்றாவது, யாரும் சொல்லாதது: வியர்வை குறையும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலும் திருச்சியிலும் மதியம் வெளியே போகிற முதியவருக்கு வியர்க்காமல் போவது விளையாட்டல்ல. உடம்புச் சூடு இறங்க வழியில்லாமல் மயங்கி விழலாம். மே மாதம் முழுக்க இதை நினைவில் வையுங்கள்.

கண்ணில் குறுங்கோண வகை கிளாக்கோமா இருந்து அது கட்டுப்பாட்டில் இல்லையென்றால் இந்தக் குடும்பத்து மாத்திரை எதுவும் கூடாது. சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தேங்குபவர்களுக்கும் கூடாது. பிராஸ்டேட் வீங்கிய அண்ணன்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. உங்களுக்கு அவசரமும் இருக்கும், பாதை அடைப்பும் இருக்கும். போய்விட்டு வந்த பிறகு உள்ளே எவ்வளவு தங்குகிறது என்பதை ஸ்கேனில் பார்க்காமல், மனைவியின் அட்டையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டால், சிறுநீர் ஒரேயடியாக நின்று டியூப் போட வேண்டிய நிலை வரலாம்.

சரி, இவ்வளவு தொந்தரவுக்கு ஈடாக எவ்வளவு நன்மை கிடைக்கிறது? பலரது ஆய்வுகளையும் சேர்த்து நிறுத்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பு 2006இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், இந்தக் குடும்பத்து மருந்து சாப்பிட்டவர்களுக்கு வாரத்துக்குச் சுமார் நான்கு கசிவுகள் குறைந்தன. கழிப்பறைக்குப் போவது வாரத்துக்குச் சுமார் ஐந்து முறை குறைந்தது. ஒரு நாளைக்கு அல்ல, வாரத்துக்கு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கணிசமாகக் குணம் தெரிந்தது. பெஞ்சில் யாராவது "ரெண்டே நாள்ல சரியாயிடுச்சு" என்று சொன்னால் அதில் எவ்வளவு மருந்து, எவ்வளவு நம்பிக்கை என்று பிரிப்பது கடினம்.

இந்தக் கணக்கைக் காட்டி மருந்தே வீண் என்று நான் சொல்லவில்லை. வாரத்துக்கு ஐந்து முறைதான் கசிகிறது என்பவருக்கு நான்கு குறைந்தால் அது வேறு வாழ்க்கை. பேத்தி கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காரலாம். நாளைக்கு ஐந்து முறை நனைபவருக்கு அதே நான்கு ஒன்றுமே இல்லை. உங்கள் தொந்தரவின் அளவு தெரியாமல் மருந்தின் அளவை எடைபோட முடியாது.

குடும்பத்துக்குள் வேறுபாடுகளைப் பார்ப்போம். ஆக்ஸிபியூட்டினின் வாயை மிக அதிகமாக உலர்த்தும். காரணம் மாத்திரையில் பாதி, கல்லீரலில் மீதி. விழுங்கிய மருந்து கல்லீரலைக் கடக்கும்போது உருமாறி வரும் ஒரு பொருள்தான் வாயை அதிகம் வாட்டுகிறது. அதனால்தான் தோலில் ஒட்டும் பட்டையாக அதே மருந்தைக் கொடுத்தால் வாய் உலர்வது குறைகிறது. அமெரிக்காவில் 2013 முதல் பெண்கள் அந்தப் பட்டையைச் சீட்டில்லாமலே வாங்க முடிந்தது. ஒரே மருந்து, போகும் வழி மாறினால் பக்கவிளைவும் மாறுகிறது. நாள் முழுக்க மெதுவாகக் கரையும் மாத்திரைகளும் இதே காரணத்தால் சற்று மேல். டால்டெரோடின் வாயை அவ்வளவு வாட்டாது. ஃபெசோடெரோடின் உடம்புக்குள் போனதும், டால்டெரோடின் எந்தப் பொருளாக மாறுகிறதோ அதே பொருளாகத்தான் மாறுகிறது. ஒன்று போதவில்லை என்று மற்றொன்றுக்கு மாறுபவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சொலிஃபெனசின் நம் ஊர்ச் சீட்டுகளில் அடிக்கடி தென்படும். ஒரு நாளைக்கு ஒன்று, 5 மில்லிகிராமில் தொடங்கித் தேவைப்பட்டால் 10. டால்டெரோடினைவிடச் சற்று நன்றாகவே கேட்கிறது என்பது கொக்ரேனின் பிற்காலத் தொகுப்பு சொல்வது. அளவு கூடினால் மலச்சிக்கலும் கூடும். உடம்பைவிட்டு மெதுவாகத்தான் போகும் என்பதால், நிறுத்திய மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். டாரிஃபெனசினும் மலச்சிக்கலில் மோசம்தான், ஆனால் அதற்கு ஒரு தனிப் பெருமை உண்டு, கீழே சொல்கிறேன். டிராஸ்பியத்தைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் போட வேண்டும். இட்லியோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சேருவது வெகுவாகக் குறைந்துவிடும்.

ஃபிளாவாக்ஸேட் என்ற இன்னொரு மாத்திரையும் நம் பெஞ்சில் சுற்றுகிறது. நீர்க்கடுப்புக்கு யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்தது. இந்தத் தொந்தரவுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்றே பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. பயன் நிரூபணமாகாத மருந்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்தும்.

மூளை விஷயத்தில் சற்று நிதானமாக நிற்க வேண்டும். இந்த மடல் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அறுபது வயதைக் கடந்த, ஆரோக்கியமான 150 பேரை வைத்து நடந்த மூன்று வார ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு ஆக்ஸிபியூட்டினின், ஒரு பிரிவுக்கு டாரிஃபெனசின், ஒரு பிரிவுக்கு வெறும் மாத்திரை. ஆக்ஸிபியூட்டினின் சாப்பிட்டவர்களின் ஞாபகம் சோதனையில் குறைந்திருந்தது. டாரிஃபெனசின் சாப்பிட்டவர்களுக்குக் குறையவில்லை. நான் சொன்ன தனிப் பெருமை இது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறு ஒன்று. "உங்கள் ஞாபகசக்தி எப்படி இருக்கிறது?" என்று கேட்டபோது, குறைந்தவர்கள் தமக்குக் குறைந்ததாகவே சொல்லவில்லை. "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்று நாம் பெஞ்சில் சொல்லிக்கொள்ளும் சாட்சியம் இந்த ஒரு விஷயத்தில் செல்லாது என்று அர்த்தம்.

அது மூன்று வாரக் கதை. வருஷக் கணக்கில் என்ன ஆகிறது? அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 65 வயதைக் கடந்த 3,434 பேரைப் பின்தொடர்ந்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகளை மிக அதிகமாக, அதாவது ஆக்ஸிபியூட்டினின் 5 மில்லிகிராம் தினமும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சாப்பிட்டதற்குச் சமமாக, எடுத்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு 54 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2019இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் மறதி நோய் கண்ட 58,000க்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். அங்கேயும் சிறுநீர்ப்பை மருந்துகளை மிக அதிகமாக எடுத்தவர்களிடம் தொடர்பு தெரிந்தது.

தொடர்பு தெரிந்தது என்றால் மருந்துதான் காரணம் என்று முடிவாகிவிடவில்லை. மறதி நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மூளை சிறுநீர்ப்பையின் மேல் உள்ள பிடியை இழக்கத் தொடங்கலாம். அப்படியானால் நோய் முன்பு, மாத்திரை பின்பு. இந்த இழுபறி இன்னும் தீரவில்லை. ஆனாலும் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த மருந்தை எழுதும்போது மறதி நோய் அபாயத்தைப் பற்றி நோயாளியிடம் பேச வேண்டும் என்று சொல்கிறது. உங்களிடம் யாராவது பேசினார்களா?

பயப்பட வேண்டியது ஒரு மாத்திரைக்காக அல்ல, கூட்டுக்காக. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகள் நம் வீட்டு மருந்து டப்பாவில் வேறு பெயர்களில் ஒளிந்திருக்கின்றன. சளிக்குப் போடும் மாத்திரையில் குளோர்ஃபெனிரமின். அரிப்புக்கு ஹைட்ராக்ஸிசின். வயிற்று வலிக்கு டைசைக்ளோமின். சர்க்கரையால் பாதம் எரிகிறது என்று இரவில் போடும் அமிட்ரிப்டிலின். இவற்றில் இரண்டோடு சிறுநீர்ப்பை மாத்திரையும் சேர்ந்தால், எண்பது வயது அம்மா மாலையில் "நான் எங்கே இருக்கேன்?" என்று கேட்கக்கூடும். பிள்ளைகள் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். சமயத்தில் மருந்தை நிறுத்தினாலே தெளிந்துவிடும்.

இதைவிட வேடிக்கையான ஜோடி ஒன்று உண்டு. மறதி நோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில், மூளையில் அசிட்டைல்கோலினைக் கூட்டுவதற்கான மருந்து. அது சிறுநீர்ப்பையையும் தூண்டிவிட்டு சிலருக்குக் கசிவை உண்டாக்கும். உடனே கசிவுக்கென்று ஆக்ஸிபியூட்டினின் எழுதப்படும். காலையில் ஒன்று கூட்டுகிறது, மாலையில் ஒன்று குறைக்கிறது, இரண்டுக்கும் காசு. இரு வேறு டாக்டர்களிடம் போய், ஒருவர் சீட்டை மற்றவரிடம் காட்டாத குடும்பங்களில் இது நடக்கும்.

அப்படியே தவிர்க்க முடியாமல் பழைய குடும்பத்து மருந்துதான் வேண்டுமென்றால், மூளைக்குள் எளிதில் நுழையாத டிராஸ்பியம் பற்றியோ டாரிஃபெனசின் பற்றியோ டாக்டரிடம் கேட்கலாம். ஆக்ஸிபியூட்டினின் எளிதாக நுழையும் ரகம்.

புதிய குடும்பம் இப்போது இரண்டே பேர்தான். மிராபெக்ரான் ஜப்பானில் 2011இலும் அமெரிக்காவில் 2012இலும் அனுமதி பெற்றது. வைபெக்ரான் ஜப்பானில் 2018, அமெரிக்காவில் 2020 டிசம்பர். இவை அசிட்டைல்கோலின் பக்கமே போவதில்லை. சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்தும் பீட்டா-3 என்ற வேறொரு பொத்தானை அழுத்துகின்றன. பை நிதானமாக நிறைகிறது. வாய் உலர்வது எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு கணக்கு: மிராபெக்ரானையும் டால்டெரோடினையும் தனித்தனிப் பிரிவுகளுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஐரோப்பிய-ஆஸ்திரேலிய ஆய்வில், டால்டெரோடின் சாப்பிட்ட நூற்றில் பத்துப் பேருக்கு வாய் உலர்ந்தது, மிராபெக்ரானில் மூன்று பேருக்கு. வெறும் மாத்திரையிலும் மூன்று பேர்தான்.

"அப்போ எல்லாரும் இதுக்கே மாறிடலாமே" என்று ஒரு அண்ணன் சொல்வது எனக்குக் கேட்கிறது. அண்ணா, உங்கள் பி.பி. எவ்வளவு? மிராபெக்ரான் ரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும். கட்டுப்பாடில்லாமல் 180/110 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று 2015இல் பிரிட்டன் எச்சரித்தது. தொடங்கும் முன்பும், தொடங்கிய பின் அவ்வப்போதும் பி.பி. பார்க்க வேண்டும். இதயத்துக்கு மெட்டோப்ரொலால் சாப்பிடுகிறீர்களா? ரத்தத்தில் அதன் அளவை மிராபெக்ரான் ஏற்றிவிடும். நாடித் துடிப்பு தேவைக்கு மேல் குறையலாம். டிகாக்ஸின் சாப்பிடுபவர்களும் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இன்னொன்று, நம் வீட்டுப் பழக்கம்: 50 மில்லிகிராம் வாங்கிப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்வது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரை அது. உடைத்தால் அந்தச் செய்நேர்த்தி போயிற்று. மருந்து மொத்தமாக இறங்கும். 25 மில்லிகிராமிலேயே தனி மாத்திரை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

வைபெக்ரானுக்கு இந்த பி.பி. தொல்லை ஆய்வுகளில் தென்படவில்லை. மற்ற மருந்துகளோடு மோதுவதும் குறைவு. விழுங்கச் சிரமப்படுபவர்கள் பொடித்துச் சாப்பிடலாம். பிராஸ்டேட்டுக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிடும் ஆண்களுக்கும் கொடுக்கலாம் என்று 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. புதுசு என்பதால் பல்லாண்டு அனுபவம் அதற்கு இன்னும் சேரவில்லை. சிறுநீர் தேங்கும் ஆபத்து குறைவே தவிர, இந்தக் குடும்பத்திலும் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது.

நன்மையில் புதிய குடும்பம் பழையதை மிஞ்சிவிடவில்லை. ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். புதியதன் பலம் அது செய்யாமல் விடுவதில் இருக்கிறது. என் தீர்ப்பைக் கேட்டால்: எழுபதைத் தாண்டியவர்கள், மறதி லேசாகத் தொடங்கியவர்கள், மலச்சிக்கலில் கஷ்டப்படுபவர்கள், ஏற்கெனவே ஐந்தாறு மாத்திரை விழுங்குபவர்கள், கையில் காசு இருந்தால், பி.பி. அடங்கியிருந்தால், புதிய குடும்பத்திலிருந்து தொடங்குவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். ஐம்பதுகளில் இருக்கும், வேறு வியாதி இல்லாத ஒருவருக்குச் சில மாதங்களுக்குச் சொலிஃபெனசின் எழுதப்பட்டால் அதில் பதற ஒன்றும் இல்லை.

மாத்திரைக்கு முன்னாலும் சில காரியங்கள் உண்டு. காபி, டீயைக் குறைத்துப் பாருங்கள். முட்டியதும் ஓடாமல், கீழ்த்தசையை இறுக்கிப் பிடித்துக் கொஞ்சம் பொறுத்துப் போகப் பழகுங்கள். பத்து நிமிடம், பிறகு கால் மணி என்று வாரக்கணக்கில் இடைவெளியைக் கூட்டலாம். மாதவிடாய் நின்ற அக்காக்களுக்கு, உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு சிலருக்கு இந்த அவசரத்தைக் குறைக்கும், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். தண்ணீரையே நிறுத்துவது மட்டும் வேண்டாம். சிறுநீர் கெட்டிப்பட்டால் பை எரிந்து இன்னும் அவசரப்படுத்தும். பேருந்துப் பயணத்துக்கு முதல் நாளிலிருந்தே தண்ணீரை நிறுத்தும் வழக்கம் நம் பெண்களிடம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நுழையக்கூடிய கழிப்பறை வழியில் இல்லை. அதற்கு மாத்திரை கிடையாது. அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு.

மாத்திரை தொடங்கினால் அதைச் சோதித்துப் பார்க்கும் முறையும் வேண்டும். தொடங்கும் முன் மூன்று நாள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எப்போது கசிந்தது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். நாலு வாரத்தில் ஒரு முறை, எட்டு வாரத்தில் ஒரு முறை மீண்டும் எழுதுங்கள். மிராபெக்ரானுக்கு முழுப் பலன் தெரிய எட்டு வாரம் வரைகூட ஆகலாம், அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். எழுதியதில் மாற்றமே இல்லையென்றால் "போடுறதைப் போட்டுக்கிட்டே இருப்போம்" என்றும் இருக்காதீர்கள். இந்த மருந்துகளைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் ஒரு வருஷத்துக்குள் நிறுத்திவிடுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. நிறுத்துவது குற்றம் இல்லை. டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்துவதுதான் கெடுதல். அடுத்த முறை அவர் அதே மருந்தின் அளவைக் கூட்டிவிடுவார். மாத்திரை எதுவும் ஒத்துவராதவர்களுக்கு, சிறுநீர்ப்பைத் தசையில் போடும் போடாக்ஸ் ஊசியும் நரம்பைத் தூண்டும் சிகிச்சைகளும் இருக்கின்றன. கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. பேரப்பிள்ளையைக் கூப்பிட்டாவது அதைப் படித்து, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரே தாளில் எழுதிவையுங்கள். சளி மாத்திரை, வயிற்று வலி மாத்திரை உட்பட. அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளை நீட்டுங்கள். அதுவரை கைப்பையில் இருக்கும் அட்டை கைப்பையிலேயே இருக்கட்டும். புது மாத்திரை தொடங்கிய பின் முட்டிக்கொண்டு நின்று சிறுநீர் இறங்கவே இல்லையென்றால், அல்லது கண் சிவந்து வலித்துப் பார்வை மங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கையோடு அந்தத் தாளையும் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் ஓய்வுபெற்ற மருந்தாளுநர்